காது அறிந்த மொழி, கண் அறியாத எழுத்து



ஆலங்காயத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிய மடல் சில நாட்களாக என் மேசைமீது பிரித்தபடியே கிடக்கிறது. அவருக்கு வயது 44. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோல் தொழிலில் இருப்பவர். தோலைத் தொட்டும் வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்துத் தரம் பிரிப்பது அவருடைய வேலை. முதலாளிக்காக ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை கான்பூரிலுள்ள ஜாஜ்மவ் பகுதிக்குப் போய் வருவார். வீட்டில் பேசுவது தமிழ். பிறந்து வளர்ந்த தெருவில் பாதிப் பேர் பேசுவது தக்கினி உருது. ஆகவே, 'இந்தி எனக்குத் தெரியும்' என்றே அவரும் நம்பினார், மற்றவர்களும் நம்பினார்கள்.

சென்ற ஆண்டு ஒரு பயணத்தில், சரக்கை ஏற்றும் நேரத்தில் அவரிடம் ஒரு சீட்டு நீட்டப்பட்டது. கையால் இந்தியில் எழுதிய நான்கு வரிகள். லாரி காத்துக்கொண்டிருந்தது. கீழே காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு ரயிலேறிவிட்டார். சரக்கு ஊர் வந்து சேர்ந்தபோது இரண்டு கட்டுகள் குறைந்தன. தொலைபேசியில் கேட்டபோது, "சீட்டில் எழுதியிருந்தோமே" என்று பதில் வந்தது. கட்டுகளை எண்ணிப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும், கிடங்கை விட்டுப் போனபின் குறைவுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்பதுதான் அந்த நான்கு வரிகள்! யாரும் அவரை ஏமாற்றவில்லை. எண்ணிப் பார்க்கும்படி எழுத்திலேயே எச்சரித்திருந்தார்கள். அவரால் அதைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

முதலாளி ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லையாம். ஆனால் அதற்கு அடுத்த பயணத்துக்கு வேறொருவரை அனுப்பிவிட்டார். மடலின் கடைசிப் பகுதியை அவர் இப்படி முடித்திருக்கிறார்: பள்ளியில் படிக்கும் மகள் கேட்டாளாம், "படித்துப் பார்க்காமலா கையெழுத்துப் போட்டீர்கள், அத்தா?" என்று. "அவளிடம் எனக்கு அந்த எழுத்துத் தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. இந்த வயதில், ஆசிரியர் இல்லாமல், நானே படித்துக்கொள்ள முடியுமா?"

முடியும். எப்படி என்பதைத்தான் இந்த மாதம் பேசப் போகிறோம். அவருக்காக மட்டுமன்று, வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும், ஏன், வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பெற்ற எத்தனையோ இல்லங்களிலும், 'பேச்சு தெரியும், படிக்கத் தெரியாது' என்ற இதே நிலையில் இருப்பவர்கள் பலர்.

வயது ஒரு தடையா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய மதீனா வாழ்வில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. யூதர்களிடமிருந்து வரும் மடல்களைப் படிக்கவும், அவர்களுக்குப் பதில் எழுதவும் வேறு ஒருவரை நம்பியிருக்க அவர்கள் விரும்பவில்லை. ஆகவே ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அழைத்து, அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி பணித்தார்கள். அரை மாதத்துக்குள் தாம் அதில் தேர்ச்சி பெற்றதாகவும், அதன்பின் வந்த மடல்களைத் தாமே படித்துக் காட்டியதாகவும் ஸைத் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது திர்மிதீ நூலில் பதிவாகியுள்ளது. நம் மடலைப் பிறர் படித்துச் சொல்லும் நிலையில் இருக்கலாகாது என்பதே அங்கே காரணம். ஆலங்காயத்துச் சகோதரரின் தேவையும் அதுவே.

ஸைத் (ரலி) அவர்கள் இளைஞர், நமக்கோ வயதாகிவிட்டது என்பீர்கள். சரி, அல்பீரூனியை எடுத்துக்கொள்வோம். குவாரிஸ்மில் 973இல் பிறந்த அந்த அறிஞர் கஸ்னிக்குக் கொண்டுவரப்பட்டது 1017இல். அதன் பிறகுதான், அதாவது நாற்பது வயதைத் தாண்டிய பின்னர், அவர் சமஸ்கிருதம் கற்றார். அரபியில் இல்லாத ஒலிகள் நாவில் புரள மறுப்பதையும், ஏடு எழுதுவோரின் பிழைகள் கற்பவனை அலைக்கழிப்பதையும் அவர் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். ஆயினும் விடவில்லை. 1030ஆம் ஆண்டு வாக்கில் முடிந்த அவருடைய 'கிதாபுல் ஹிந்த்' இந்தியாவைப் பற்றி உலகம் போற்றும் நூலாயிற்று.

எச்சரிக்கைக்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும். காந்தியடிகள் தென்னாப்பிரிக்கச் சிறைகளில் தமிழையும், பின்னர் ஏரவாடா சிறையில் உருதுவையும் நூல்களின் துணையால் கற்றார். ஆனால் தமிழில் பேச வரவேயில்லை என்றும், பழக்கமின்மையால் படிக்கும் ஆற்றலும் துருப்பிடித்துப் போகிறது என்றும் தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். சிறையில் நாள்தோறும் படித்தார். வெளியே வந்ததும் அந்த ஒழுங்கு போயிற்று. வயது தடுக்காத ஒன்றை விட்டுவிட்டுப் படிப்பது தடுத்துவிடும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

நம் கையில் ஏற்கெனவே இருக்கும் முதல்

இந்தி நமக்கு முற்றிலும் அயலான மொழியன்று. இந்தியும் உருதுவும் டில்லியைச் சுற்றிய வட்டாரப் பேச்சிலிருந்து வளர்ந்த உடன்பிறப்புகள். இலக்கணம் ஒன்று, அன்றாடச் சொற்களும் பெரும்பாலும் ஒன்று. எழுத்தும் உயர்நடைச் சொற்களுமே வேறு. 1327இல் முகம்மது பின் துக்ளக் தலைநகரைத் தேவகிரிக்கு மாற்றியபோது தெற்கே வந்த பேச்சுதான் பின்னர் தக்கினியாகப் பக்குவப்பட்டு, கோல்கொண்டாவிலும் பீஜப்பூரிலும் இலக்கியமாகி, நம் ஆர்க்காட்டுப் பகுதிவரை வேரூன்றியது. வாணியம்பாடிக் கடைத்தெருவில் நீங்கள் கேட்கும் பேச்சு, டில்லிக் கடைத்தெருப் பேச்சுக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

தக்கினி அறியாத தமிழ் வீடுகளிலும் முதல் இல்லாமல் இல்லை. வக்கீல், வசூல், பாக்கி, ரசீது, கஜானா, தயார், அசல், நகல், சிபாரிசு, வாபஸ், ஜில்லா ஆகிய இச்சொற்களை நாள்தோறும் வழங்குகிறோம். இவையெல்லாம் சிற்சில ஒலி மாற்றங்களுடன் இந்தியிலும் வழங்குபவை.

வாக்கிய அமைப்பிலும் நமக்கே ஆதாயம். ஆங்கிலம் கற்றபோது வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருந்தது, நினைவிருக்கிறதா? இந்தியில் அந்தத் தொல்லை இல்லை. எழுவாய், செயப்படுபொருள், இறுதியில் வினை என்பதே தமிழைப் போல அங்கும் முறை. வேற்றுமை உருபும் பெயருக்குப் பின்னால்தான் வரும். 'எனக்கு இந்தி வரும்' என்று நாம் சொல்வதை அவர்கள் 'முஜே ஹிந்தீ ஆதீ ஹை' என்பார்கள். 'எனக்கு', 'இந்தி', 'வரும்' என்று சொல்லுக்குச் சொல் அதே வரிசை! நீ, நீர், நீங்கள் என்னும் மரியாதைப் படிகள்கூட 'தூ', 'தும்', 'ஆப்' என்று அப்படியே இருக்கின்றன.

ஓதும் பள்ளி தந்த செல்வம் ஒன்றும் உண்டு. 'ஸா', 'ஃபா', 'ஃகா', 'கைன்', 'காஃப்' முதலிய அரபு எழுத்துகளைச் சிறுவயதிலேயே உஸ்தாதிடம் திருத்தம் பெற்று ஓதியவர்கள் நாம். இந்தியில் அரபு, பாரசீகச் சொற்களின் இத்தகைய ஒலிகளைக் காட்ட எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளிகளைக் கண்டு பிறர் திகைக்கையில், நம் நாவு தானே ஒலித்துவிடும். அதுமட்டுமா? நம் முன்னோர் தமிழையே அரபு எழுத்தில் எழுதி, தமிழ் ஒலிகளுக்குப் புதுக் குறிகளைச் சேர்த்து, அரபுத்தமிழில் நூல்கள் பல ஆக்கினர். பழகிய பேச்சைப் புதிய எழுத்தில் படிப்பது அந்த வழியில் வந்தவர்களுக்குப் புதுமையான காரியமன்று.

முதல் மாதம்: எழுத்து மட்டும்

சுபுஹுத் தொழுகைக்குப் பின் அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். அந்த நேரம் இயலாதவர்கள் இஷாவுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். எந்த நேரம் என்பது பெரிதன்று; தினமும் அதே நேரம் என்பதே பெரிது. வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் படித்துவிட்டு மற்ற நாட்களில் புத்தகத்தைத் தொடாமல் இருப்பவரைவிட, நாள்தோறும் அரை மணி படிப்பவர் முந்திவிடுவார். குறைவாக இருந்தாலும் இடைவிடாமல் செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு உவப்பானது என்று அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தேவநாகரியில் மெய்யெழுத்துகள் 33. முதல் 25 எழுத்துகள் ஐந்து ஐந்தாக ஐந்து வரிசையில் அமைந்தவை. வரிசைகளின் ஒழுங்கு நம்முடைய க, ச, ட, த, ப ஒழுங்கேதான். நாம் 'க' என்று ஒரே எழுத்தால் எழுதுவதை அவர்கள் நான்காகப் பிரித்து எழுதுகிறார்கள். தமிழ்வழிப் பாடநூல்களில் இவற்றை க1, க2, க3, க4 என்று எண்ணிட்டுக் காட்டுவதுண்டு. நாளைக்கு ஐந்து எழுத்துகள் என்று கொண்டால் ஒரு வாரத்தில் மெய்யெழுத்துகள் முடிந்துவிடும். இரண்டாம் வாரம் உயிரெழுத்துகளும் அவற்றின் குறிகளும். மூன்றாம், நான்காம் வாரங்கள் கூட்டெழுத்துகளுக்கு.

மூன்று இடங்களில் விழிப்பாக இருங்கள். முதலாவது, தமிழில் 'கெ', 'கே', 'கை' என எழுதும்போது குறி முன்னால் வருவது போல, இந்தியில் குறில் இகரக் குறி மட்டும் எழுத்தின் இடப்பக்கம் வரும்; ஒலிப்பது பின்னால்தான். இரண்டாவது, சொல்லின் ஈற்றில் வரும் அகரம் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. 'கிதாப' என்று எழுதியதுபோல் தோன்றினாலும் 'கிதாப்' என்றே படிக்க வேண்டும். மூன்றாவது, நாம் புள்ளி வைத்து மெய்யைக் காட்டும் இடத்தில், அவர்கள் எழுத்தைப் பாதியாக வெட்டி அடுத்த எழுத்தோடு ஒட்டிவிடுவார்கள். இந்த ஒட்டு எழுத்துகளில்தான் பலர் மனம் தளர்கிறார்கள். அனைத்தையும் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். சொற்களில் சந்திக்கும்போது ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாடப் புத்தகத்துக்கு வெளியே இரண்டு இலவசப் பாடங்கள் உள்ளன. ஒன்று ரயில் நிலையப் பெயர்ப்பலகை. வாணியம்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் ஊர்ப்பெயர் தமிழில் மேலும், அதன்கீழ் இந்தியிலும், பின் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பழகுவது போன்றது அது. ரயிலில் செல்லும்போதெல்லாம் தமிழை மறைத்துக்கொண்டு இந்தியைப் படித்துப் பாருங்கள். மற்றொன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள ரூபாய் நோட்டு. அதில் தேவநாகரியில் 'பாரதீய ரிஸர்வ் பேங்க்' என்றிருக்கும். 'ரிஸர்வ்' என்பதிலுள்ள எழுத்தின் கீழே நான் மேலே சொன்ன புள்ளியைக் காணலாம். பின்பக்கம் 15 மொழிகள் கொண்ட பட்டியலில் தமிழ் 13ஆவதாகவும் உருது கடைசியாகவும் நிற்பதையும் அப்படியே பார்த்துவைப்போம்.

தக்கினியைக் காதால் அறிந்தவர், இப்படிச் செய்தால் ஒரு மாதத்தில் அச்செழுத்தைத் தட்டுத் தடுமாறிப் படிப்பார். இரண்டு, மூன்று மாதங்களில் தடுமாற்றம் குறையும். கையெழுத்தைப் படிக்க இன்னும் சில மாதங்கள் ஆகும். காதாலும் அறியாதவர்கள் ஓராண்டு என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

தமிழ்க் காது தவறும் இடங்கள்

'கானா' என்று தமிழில் எழுதிவிட்டால் அது உணவா, பாட்டா? இந்தியில் உணவு கா2னா, பாட்டு கா3னா. முன்னதில் மூச்சு வெடித்து வெளிவரும். பின்னதில் தொண்டை அதிரும். உள்ளங்கையை வாய்முன் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். மூச்சு கையில் பட வேண்டிய எழுத்து எது, படக்கூடாத எழுத்து எது என்று அந்தக் கையே திருத்திவிடும்.

அடுத்தது பால். தமிழில் மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண், பெண் இல்லை. இந்தியில் எல்லாப் பெயருக்கும் உண்டு. சோறு ஆண்பால், பருப்பு பெண்பால், ரொட்டி பெண்பால்! ஈகாரத்தில் முடிவன பெரும்பாலும் பெண்பால் என்று விதி சொல்வார்கள். ஆனால் தண்ணீரும் நெய்யும் தயிரும் முத்தும் (பானீ, கீ, தஹீ, மோத்தீ) அந்த விதிக்குள் அடங்காத ஆண்பாற் சொற்கள். சொல்லைத் தனியே எழுதாமல், 'நல்ல' என்ற அடைமொழியுடன் 'அச்சா சாவல்', 'அச்சீ தால்' என்று எழுதிப் பழகினால் பால் தானே மனத்தில் நிற்கும். பேசுவோரின் பாலும் வினையில் தெரியும். 'போகிறேன்' என்று ஆண் சொல்வது 'ஜாதா ஹூன்'; பெண் சொல்வது 'ஜாதீ ஹூன்'. கணவரிடம் கற்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும்!

மூன்றாவது, எண்கள். வணிகம் செய்வோருக்கு இதுவே உயிர்நாடி. தமிழில் இருபது தெரிந்தால் இருபத்தொன்று தானே வரும். இந்தியில் ஒன்று முதல் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொன்றும் தனிச் சொல். 29 'உன்தீஸ்', 39 'உன்தாலீஸ்', 49 'உன்சாஸ்'. முன்னால் வரும் 'உன்' ஒன்று குறைய என்று பொருள்படும் என அறிந்தால் சற்று எளிதாகும். பின்ன எண்கள் இன்னும் முக்கியம். 'டேட்' ஒன்றரை, 'டாயீ' இரண்டரை. ஆகவே 'டேட் ஸௌ' 150. 'டாயீ ஸௌ' 250. 'ஸவா ஸௌ' 125. 'பௌனே தோ ஸௌ' 175. ஒரு சதுர அடித் தோலின் விலையைப் பேசும்போது இவற்றில் ஒன்று தவறினாலும் நட்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு ஐந்து எண்களாக மனப்பாடம் செய்யுங்கள். வேறு குறுக்கு வழி இல்லை.

தக்கினி பேசும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு சொல். 'தெரியும்' என்ற நினைப்பே உங்களுக்குப் பெரிய தடை. நம் 'நக்கோ' அங்கே 'நஹீன்' அல்லது 'மத்'. நம் 'ஹௌ' அங்கே 'ஹான்'. 'கைகூ' என்பது 'க்யோன்'. 'மேரேகூ' என்பது 'முஜே'. இறந்தகாலத்தில் இன்னொரு வேறுபாடும் உண்டு. 'நான் ரொட்டி சாப்பிட்டேன்' என்பது 'மைனே ரோட்டீ காயீ' ஆகும். சாப்பிட்டவர் ஆணாயினும், வினை ரொட்டியின் பாலையே தழுவும். அந்த 'னே' உருபு நம் தக்கினிப் பேச்சில் மறைந்துவிட்டது. நம் பேச்சு குறையுடையது என்று இதற்குப் பொருளல்ல. எழுத்து நடை வேறு என்பதே பொருள். வீட்டில் தக்கினியை அப்படியே பேசுங்கள். நோட்டில் எழுதும்போது எழுத்து நடையைக் கைக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மாதம் முதல்: உங்களுக்கு வேண்டிய காகிதம்

எழுத்துப் பிடிபட்டதும் கதைப் புத்தகத்துக்குப் போகாதீர்கள். உங்கள் வாழ்க்கையில் எந்தக் காகிதம் வருமோ அதிலிருந்து தொடங்குங்கள். ஒரு சீட்டைப் படிக்க வேண்டிய சொற்கள் சில: 'நாம்' பெயர், 'பதா' முகவரி, 'தினாங்க்' தேதி, 'ராஷி' தொகை, 'குல்' மொத்தம், 'ஷர்த்' நிபந்தனை, 'ஜிம்மேதாரீ' பொறுப்பு, 'ஜாஞ்ச்' பரிசோதனை, 'ஹஸ்தாக்ஷர்' கையெழுத்து. இவற்றில் 'குல்', 'ஷர்த்', 'ஜிம்மா' ஆகியவற்றின் வேர் அரபி என்பதை நீங்களே கண்டுகொண்டிருப்பீர்கள். 

அரசுக் காகிதங்களில் வடமொழிச் சொற்கள் மிகுதி. 'வக்த்' என்று பேசுவார்கள், 'ஸமய்' என்று எழுதுவார்கள். 'மதத்' என்பது 'ஸஹாயதா' ஆகும். 'ஜரூரத்' என்பது 'ஆவஷ்யகதா' ஆகும். 'ஸவால்', 'ஜவாப்' இரண்டும் 'ப்ரஷ்ன்', 'உத்தர்' ஆகும். நோட்டில் இருவகைச் சொல்லையும் அடுத்தடுத்து எழுதி, மூன்றாவதாகத் தமிழையும் எழுதுங்கள். தமிழில் 'சமயம்', 'சகாயம்', 'அவசியம்', 'உத்தரவாதம்' என்று வழங்குவதால் இந்த வடமொழிப் பக்கமும் நமக்கு முற்றிலும் இருட்டன்று.

காதுக்கு வானொலியின் இந்திச் செய்தி. முதலில் புரியாது, நாளைக்குப் பத்து நிமிடம் கேளுங்கள். இன்று கைப்பேசியிலேயே பாடங்களும் காணொளிகளும் குவிந்து கிடக்கின்றன. ஒன்றைத் தேர்ந்து அதை முடியுங்கள். நாளுக்கொரு ஆசிரியராக மாறிக்கொண்டிருந்தால் 'அ'வை விட்டு நகரவே முடியாது. கைப்பேசிதான் படம் பிடித்து மொழிபெயர்த்துவிடுமே, பின் ஏன் கற்க வேண்டும் என்பீர்களாயின், அவசரத்துக்கு அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் கிறுக்கிய கையெழுத்தில் அது இடறும். சொன்னது சரிதானா என்று பார்க்க உங்களுக்கும் தெரியாது. இரு குருடர் ஒருவரையொருவர் கைபிடித்து நடந்த கதையாகிவிடும்.

தேர்வு இருந்தால்தான் படிப்பேன் என்பவர்களுக்கு வழியுண்டு. 1918இல் காந்தியடிகளின் முயற்சியால் சென்னையில் தொடங்கிய இந்திப் பிரச்சாரப் பணியே இன்று தியாகராய நகரில் இயங்கும் தட்சிண பாரத இந்திப் பிரச்சார சபை. அவருடைய இளைய மகன் தேவதாஸ் காந்தியே அதன் முதல் பிரச்சாரகர். 'பிராத்மிக்', 'மத்யமா', 'ராஷ்டிரபாஷா', 'பிரவேஷிகா' என்று படிப்படியாகச் செல்லும் அதன் தேர்வுகளைச் சிறுவர்களோடு வயதில் மூத்தவர்களும் எழுதுகிறார்கள். பேரப்பிள்ளையுடன் தேர்வறையில் அமர்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மகள் ஒரு படி மேலே இருந்தால், அவளிடமே பாடம் கேட்கலாம்.

இன்னொரு வழியும் சொல்கிறேன். பீஹாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வேலை தேடித் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கும் தொழிலாளர்கள் எத்தனையோ பேர். நம் பேருந்துப் பலகையைப் படிக்க முடியாமல் அவர்களும் நம்மைப் போலவே திகைத்து நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நாளைக்குப் பத்துத் தமிழ்ச் சொற்களைச் சொல்லிக்கொடுங்கள். பத்து இந்திச் சொற்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஊதியம், ஒருவருக்கும் செலவில்லை. அவருக்கு நம் ஊரில் ஒரு துணையும் கிடைக்கும்.

ஒரு தயக்கத்துக்கு விடை

'நாம் இந்தி படிக்கலாமா?' என்ற கேள்வி தமிழ்நாட்டில் வெறும் படிப்புக் கேள்வியன்று என்பதை நான் அறிவேன். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எழுந்த போராட்டமும், அதில் சிறை சென்று 1939இல் உயிர்நீத்த நடராசன், தாளமுத்து ஆகியோரும், 1965இன் மாணவர் கிளர்ச்சியும், 1968 முதல் நிலவும் இருமொழிக் கொள்கையும் நம் வரலாறு. கட்டாயத்தை எதிர்ப்பது ஒரு மக்களின் உரிமைபற்றிய செய்தி. தன் பிழைப்புக்காக ஒரு மனிதர் விடியற்காலையில் தாமே விரும்பி ஒரு மொழியைக் கற்பதை அந்தப் போராட்டம் என்றும் தடுத்ததில்லை. தமிழை விட்டுவிட்டு இந்தி படியுங்கள் என்று நான் சொல்லவில்லை. தமிழின் தோளில் நின்று படியுங்கள் என்கிறேன்.

உருது இல்லங்களிலும் ஒரு தயக்கம் உண்டு. தேவநாகரி வந்தால் உருது எழுத்து போய்விடுமோ என்பது அது. அந்த அச்சம் நியாயமானதே. எழுத்தைக் கைவிட்ட குடும்பத்தில், தாத்தாவின் கடிதங்களைப் பேரனால் படிக்க இயலாது. ஆகவே ஒன்றைச் செய்யுங்கள். நீங்கள் தேவநாகரி கற்கும் அதே அரை மணியில், வீட்டுப் பிள்ளைகளை உருது எழுத்துடன் பக்கத்தில் அமர்த்துங்கள். வலமிருந்து இடமாக அவர்கள் எழுத, இடமிருந்து வலமாக நீங்கள் எழுத, நோட்டின் நடுவே இரண்டும் சந்திக்கட்டும்.

ஆலங்காயத்துச் சகோதரருக்கு முடிவாக ஒரு சொல். உங்கள் மகளிடம் சொல்ல நாக்கு எழவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதல் பாடமே அதுதான், அன்பரே. நாளைக் காலை ஒரு புதிய நோட்டை வாங்கி அவளிடம் கொடுத்து, "எனக்கு இந்த எழுத்துத் தெரியாதம்மா, நீயும் என்னோடு உட்கார்" என்று சொல்லிவிடுங்கள். தரம் பிரிக்கையில் தோலின் குறையை மறைத்தால் விலை போகாது என்பது உங்களுக்குத் தெரியாததா? அன்று கையெழுத்திட்ட அந்தச் சீட்டு உங்களிடம் இருந்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். முதல் மாதம் ஒரு சொல் விளங்கும். மூன்றாம் மாதம் ஒரு வரி. நான்கு வரிகளும் விளங்கும் நாளில் எனக்கு ஒரு மடல் எழுதுங்கள். மகளையும் அதன்கீழ் கையெழுத்திடச் சொல்லுங்கள், அவள் படித்துப் பார்த்த பிறகு.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.